வான்குடை துருவத்திற் கிழிந்தது ஏன்?

சென்ற கோடை விடுமுறையில் யாம் அறுவர் வத்தலக்குண்டு வழியாகப் பழனிமலைத் தொடர்மீதேறிக் கோடைக்கானலில் நான்கு நாள் தங்கினோம். இரண்டாம் நாட் காலையில் அங்குள்ள வானாராய்ச்சி நிலையத்தைக் காணச் சென்றோம். காற்றுக் குளிர்ந்திருந்தது, ஆயினும் வெயில் முகத்தைச் சுட்டது. மாலையில் எம்முள் இருவருக்கு மூக்கும் கன்னமும் கறுத்து எரிந்தன. அப்பொழுது தோழர் ஒருவர், “ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்ததென்கின்றார்களே, அஃது இம்மலைக்கு மேலேதானோ?” என்று வினவினார். யாம் நகைத்தோம், ஆயின் விடை கூற எம்மில் எவராலும் இயலவில்லை. விடையறியாது நகைத்தது பின்னர் எமக்கு நாணத்தையே தந்தது. ஆகவே கல்லூரிக்கு மீண்டபின் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரையும் நூல்களையும் துணைக்கொண்டு யாம் அறிந்தவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் ஓசோன் இன்னதென அறிதல் வேண்டும். நாம் உயிர்க்கும் பிராணவாயுவின் மூலக்கூறு இரண்டு அணுக்களால் ஆயது. மூன்று அணுக்கள் கூடின் அஃது ஓசோன் எனப்படும். நிலத்திற்கு மேல் ஏறக்குறைய 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் இது மிகுதியாக உள்ளது. ஞாயிற்றின் புற ஊதாக் கதிர் பிராணவாயு மூலக்கூற்றைப் பிளக்கின்றது. பிரிந்த அணு வேறொரு மூலக்கூற்றோடு சேர்ந்து ஓசோனாகின்றது. அவ்வோசோன் தானும் புற ஊதாக் கதிரை விழுங்கிச் சிதைகின்றது. இவ்வாக்கத்தையும் அழிவையும் 1930இல் சிட்னி சாப்மன் என்பார் விளக்கினார். வானத்து ஓசோன் முழுவதையும் நிலமட்டத்திற்குக் கொணர்ந்து பரப்பின் அதன் கனம் மூன்று மில்லிமீட்டர் அளவினதே. ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை அடுக்கியது போன்றது. இம்மெல்லிய குடை இல்லையேல் தோற்புற்றும் கண்புரையும் பெருகும். நிலத்துப் பயிரும் கடலின் நுண்பாசியும் நலியும்.

இனி, இக்குடையின் கனத்தை அளந்த வரலாற்றிற் கோடைக்கானலுக்கும் ஓர் இடமுண்டு. ஞாயிற்றை நோக்குதற்கென 1899இல் நிறுவப்பட்ட இந்நிலையம், 1909இல் ஜான் எவர்ஷெட் ஞாயிற்றுப் புள்ளிகளில் வாயு ஓடும் முறையைக் கண்டறிந்தமையாற் புகழ்பெற்றது. 1928ஆம் ஆண்டை ஒட்டி ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் டாப்சன், தாம் அமைத்த அளவுகருவிகளை உலகின் பல மூலைகளுக்கும் அனுப்பினார். சுவிட்சர்லாந்தின் அரோசா, எகிப்தின் ஹெல்வான், கலிபோர்னியாவின் டேபிள் மலை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் ஆகியவற்றோடு கோடைக்கானலும் அவற்றுள் ஒன்று. கருவியின் நுட்பம் எளிது. ஞாயிற்றொளியிற் புற ஊதா நிறங்கள் இரண்டைத் தெரிந்துகொள்வர். ஒன்றை ஓசோன் மிகுதியாக விழுங்கும். மற்றதைச் சிறிதே விழுங்கும். நிலத்தை எட்டும் இரண்டையும் ஒப்புநோக்கின், இடையே உள்ள ஓசோன் எவ்வளவென்பது புலப்படும்.

அளந்தபோது கிடைத்த முடிவு வியப்பானது. ஞாயிறு ஓங்கி எரியும் நம் நாட்டில் ஓசோன் மிகுந்திருக்கும் என எவரும் கருதுவர். ஆயின் கோடைக்கானலிற் குறைந்த அளவே காணப்பட்டது. ஆண்டு முழுதும் அதிற் பெரிய ஏற்றத்தாழ்வும் இல்லை. வடதுருவத்தை அடுத்த நாடுகளிலோ இளவேனிலில் அது மிகுந்திருந்தது. வெப்ப மண்டலத்தில் விளையும் ஓசோனை உயர்வானில் மெல்ல ஊர்ந்து செல்லும் காற்று துருவங்களுக்குக் கொண்டு செல்லுதல் கூடும் என டாப்சன் 1929இல் உய்த்துணர்ந்தார். 1949இல் பிரூவர் என்பார் நீராவியை ஆராய்ந்து அக்கருத்துக்கு வலிமை சேர்த்தார். தஞ்சையில் விளைந்த நெல் தஞ்சைக் களஞ்சியத்திலேயே தங்காது வறண்ட சீமைகளுக்குச் செல்லுதல் போன்றது இது.

எனவே கோடைக்கானலின் மேலுள்ள மெலிவு இயற்கையானது; ஓட்டையன்று. நிலையம் 2,343 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஞாயிறு தலைக்கு நேரே நிற்கின்றது. குடையும் இயல்பாகவே மெல்லியது. எம் தோழர் கன்னம் கறுத்ததற்குக் காரணம் இவையே. மெய்யான கிழிவு நேர்ந்த இடம் வேறு.

தென்துருவக் கண்டத்தின் ஹாலி விரிகுடாவில் ஆங்கிலேயர் 1950களின் பிற்பகுதியிலிருந்து டாப்சன் வகைக் கருவியால் ஓசோனை அளந்துவந்தனர். தொடக்கத்தில் அக்டோபர் மாதச் சராசரி மூன்று மில்லிமீட்டர் அளவில் இருந்தது. 1984இல் இரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே வீழ்ந்தது. ஜோசப் பார்மனும் அவர்தம் துணைவர் இருவரும் 1985 மே மாதத்தில் இதனை வெளியிட்டபோது உலகம் திடுக்கிட்டது. அமெரிக்கச் செயற்கைக்கோளின் கணக்குகளும் அதனை உறுதிப்படுத்தின.

இதற்குக் காரணமாகிய பொருள் குளோரோபுளூரோகார்பன் எனும் வாயு. 1930ஐ ஒட்டிக் குளிர்பெட்டிகளுக்கென ஆக்கப்பட்ட இது எரியாது, நஞ்சன்று, எதனோடும் எளிதிற் கூடாது. பின்னர்த் தெளிப்பான் குப்பிகளிலும் நுரைமெத்தைகளிலும் அது புகுந்தது. எதனோடும் கூடாத அந்நற்குணமே கேடாக முடிந்தது. கீழ்வானில் அதனை அழிப்பார் இல்லை; அதன் முதன்மையான வகைகள் அரை நூற்றாண்டு முதல் ஒரு நூற்றாண்டு வரை நிலைத்து நிற்கும். வெப்ப மண்டலத்தின் மேலே எழும் காற்றோடு உயர்வானை எட்டியபின் புற ஊதாக் கதிராற் பிளந்து குளோரினை வெளிவிடும். அக்குளோரின் ஓசோனை அழித்துத் தான் அழியாது மீண்டும் மீண்டும் அத்தொழிலே செய்யும். மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இலேயே இவ்வாறு எச்சரித்தனர். 1995இல் பால் குருட்சனோடு நோபல் பரிசும் பெற்றனர்.

குளோரின் எங்கும் பரவியிருப்பத் துருவத்தில் மட்டும் கிழிவு நேர்ந்தது ஏன்? குளோரினிற் பெரும்பகுதி வேறு பொருள்களோடு கூடித் தீங்கற்ற வடிவில் அடங்கிக் கிடக்கின்றது. அதனைக் கட்டவிழ்க்கத் துருவத்தில் மூன்று காரணங்கள் ஒருங்கு கூடுகின்றன.

முதலாவது, சுழற்காற்று. நமக்கு ஆனி, ஆடி மாதங்களாகும் காலத்தில் அங்கே நெடிய இருள். அப்பொழுது உயர்வானில் ஒரு பெருஞ்சுழல் மதில்போற் சூழ்ந்து, வெளியிலுள்ள வெப்பக் காற்றையும் புதிய ஓசோனையும் உட்புகவொட்டாது தடுக்கின்றது.

இரண்டாவது, கடுங்குளிர். சுழலின் உள்ளே வெப்பம் சுழிக்குக் கீழ் 78 பாகைக்கும் தாழும்போது, வறண்ட உயர்வானிலும் மேகங்கள் தோன்றுகின்றன. அவற்றின் நுண்துகள்களின்மீது அடங்கிய குளோரின் விடுபடுகின்றது. 1986இல் சூசன் சாலமனும் அவர்தம் துணைவரும் இதனை எடுத்துரைத்தனர். பின்னர்த் துருவத்திலேயே அளந்த அளவுகள் இதற்குச் சான்றாயின.

மூன்றாவது, ஒளி. குளிர்காலம் அடுப்பில் விறகை அடுக்கி வைக்கின்றது. ஆவணி, புரட்டாசியில் மீளும் இளவெயில் தீ மூட்டுகின்றது. சில வாரங்களில் ஓசோன் பெரிதும் அழிகின்றது. ஆண்டின் இறுதியை அணுகுங்காற் சுழல் உடைய, வெளிக்காற்றுப் புகுந்து படலம் மீண்டும் நிறைகின்றது. வடதுருவத்தைச் சூழ மலைகளும் நிலமும் கடலும் மாறிமாறி இருத்தலால் சுழல் அடிக்கடி குலைகின்றது. குளிரும் அத்துணைக் கடுமையன்று. ஆயினும் 2011இலும் 2020இலும் அங்கும் பேரிழப்பு நேர்ந்தது.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பது நம்மவர் பழமொழி. ஈண்டோ உப்புத் தின்றவர் வடபாலுள்ள பெருநகரத்தார். கிழிவு நேர்ந்ததோ குடிகளற்ற தென்கோடிப் பனிநிலத்தில். செய்தவர் கண்ணுக்குப் படாத இடத்திற் கேடு விளைந்தமையால், அளந்தவர் இல்லையேல் அஃது அறியப்படாமலே வளர்ந்திருக்கும்.

அறிந்தபின் உலகம் வாளாவிருக்கவில்லை. 1987 செப்டம்பர் 16இல் மான்றியல் உடன்படிக்கை எழுதப்பட்டது. இந்தியா 1992இல் அதிற் சேர்ந்தது. பின்னர் உலகநாடுகள் யாவும் சேர்ந்தன. உடன்படிக்கை வழுவாது காக்கப்படின், 1980இல் இருந்த நிலை தென்துருவத்தில் 2066ஐ ஒட்டியும், வடதுருவத்தில் 2045ஐ ஒட்டியும், ஏனைய இடங்களில் 2040ஐ ஒட்டியும் மீளும் என 2022ஆம் ஆண்டு மதிப்பீடு கூறுகின்றது. இதற்கிடையே, தடுக்கப்பட்ட வாயுவொன்று எங்கோ மீண்டும் வெளிவருதலை 2018இல் காற்றை அளந்தோரே கண்டுபிடித்தனர். கிழக்குச் சீனமே பெரும்பகுதிக்கு இடமெனத் தெரியவந்தபின் அது குறைந்தது. உடன்படிக்கைக்குக் கையொப்பம் மட்டும் போதாது, காவலும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

கோடைக்கானலிற் பெரிதும் மாறாத சிற்றெண்ணை நாடோறும் எழுதியோரும், ஹாலியின் பனியிற் கருவியைத் திருப்பியோரும், தம் எண்கள் எதற்குப் பயன்படும் என்று அன்று அறிந்தாரல்லர். ஆயினும் பிழையற எழுதினர். பட்டம் பெறுமுன்னரே பயன் யாதென வினவும் எம்போன்ற மாணவர்க்கு இது சிந்திக்கத் தக்கது. தோழருக்கும் இப்பொழுது விடை கூறிவிட்டோம்: ஓட்டை அம்மலைக்கு மேலன்று, ஆயின் அதனை விளைத்த வாயு நம் வெப்ப மண்டல வானத்தின் வழியாகவே பெரும்பாலும் மேலேறிற்று, அவ்வானின் ஓட்டத்தை உணர்த்திய அளவுகளுள் ஒன்று அம்மலையில் எடுக்கப்பட்டது. அடுத்தமுறை செல்லுங்கால் தொப்பி அணிந்து செல்வோம்.