தொடாமல் தரம் அறிவோம்

துணிக்கடைக்குச் சென்றால் துணியைக் கையில் எடுத்துத் தடவிப் பார்க்கிறோம். தையலை இழுத்துப் பார்க்கிறோம். தொலைதூரத்தில் இருக்கும் தையற்காரரிடம் ஓர் உடையைத் தைக்கச் சொல்லும்போது இவற்றுள் எதுவும் இயலாது. ஸ்காட்லாந்து மக்களின் மரபுடையாகிய ‘கில்ட்’ இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். வெளிநாடுகளில் வாழும் ஸ்காட்லாந்து வம்சாவளியினரும் பேக்பைப் இசைக்குழுவினரும் இவ்வுடையைக் கடல் கடந்து வரவழைக்கின்றனர். ஒருவருக்கென அளவெடுத்துத் தைத்த உடையைத் திருப்பிக் கொடுப்பது எளிதன்று. ஆகவே, பணம் செலுத்துவதற்கு முன்பே அதன் தரத்தை அறிய வேண்டும்.

கில்ட் என்பது இடுப்பைச் சுற்றி அணியும், முழங்கால்வரை நீளும் உடை. அதன் முன்பக்கம் தட்டையாகவும் பின்பக்கம் நெருக்கமான மடிப்புகளுடனும் இருக்கும். சேலைக் கொசுவத்தை உடுத்தும்போதெல்லாம் புதிதாக மடிக்கிறோம். கில்ட்டின் மடிப்புகளோ மேற்பகுதியில் தைத்து நிலைநிறுத்தப்பட்டவை. குறுக்கும் நெடுக்குமாக வண்ணக் கோடுகள் ஓடும் ‘டார்டன்’ என்னும் கம்பளித் துணியால் அது தைக்கப்படுகிறது. 1746ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு மலைநாட்டு ஸ்காட்லாந்தியரின் உடைக்குத் தடை விதித்தது. அத்தடை 1782ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தடையைக் கடந்து வந்த உடை என்பதால், அம்மக்கள் அதைத் தங்கள் அடையாளமாகப் போற்றுகின்றனர்.

தரத்தை அறிய முதலில் துணியைப் பற்றிக் கேட்க வேண்டும். தூய கம்பளி மடிப்பு குலையாமல் நிற்கும். நடக்கும்போது அழகாக அசையும். மலிவான அக்ரிலிக் துணியில் மடிப்புகள் விரைவில் தளர்ந்துவிடும். துணியின் எடையையும் கேட்கலாம். ஒரு கஜம் 13 அவுன்ஸ் எடையுள்ள துணி நடுத்தரக் கனமுடையது. 16 அவுன்ஸ் துணி கனமானது. மரபுவழி கில்ட்டுக்கு ஏறக்குறைய 8 கஜம், அதாவது 7.3 மீட்டர் துணி தேவைப்படுகிறது. 5 கஜத்தில் தைத்தால் மடிப்புகளின் ஆழமோ எண்ணிக்கையோ குறையும். அது குற்றமன்று, ஆனால், 8 கஜத்திற்குரிய விலையை அதற்குக் கொடுக்கக்கூடாது. இயன்றால் சிறு துண்டுத் துணியை அஞ்சலில் அனுப்பச் சொல்லலாம். நெய்த டார்டனில் இருபுறமும் வண்ணம் ஒன்றுபோல் தெரியும். அச்சிட்ட துணியின் பின்புறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும்.

அடுத்து, தையலைக் கவனிக்க வேண்டும். விளம்பரப் படம் போதாது. தையற்காரர் அண்மையில் தைத்த ஒரு கில்ட்டின் பின்புறம், உட்புறம், கீழ்விளிம்பு ஆகிய மூன்றையும் அருகிலிருந்து படமெடுத்து அனுப்பக் கேட்கலாம். பின்புறத்தில் குறுக்குக் கோடுகள் மடிப்புக்கு மடிப்பு ஏறி இறங்காமல் ஒரே நேராக ஓட வேண்டும். உட்புறத்தில் மடிப்புகளைத் தாங்கும் உறுதியான துணியும் அதற்கு மேல் உள்துணியும் இருக்க வேண்டும். மரபுவழி கில்ட்டின் கீழ்விளிம்பு மடித்துத் தைக்கப்படுவதில்லை. துணியின் நெய்த கரையே விளிம்பாக அமைகிறது. இடுப்பில் கட்டும் தோல் வார்கள் அழுத்தமாகத் தைக்கப்பட்டுள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

அளவைப் பற்றித் தையற்காரர் கேட்கும் கேள்விகளும் அவரது திறமையைக் காட்டிவிடும். கில்ட், காற்சட்டையைவிடச் சற்று உயரத்தில் அணியப்படுகிறது. எனவே, காற்சட்டை அளவை மட்டும் கேட்டுவிட்டுத் தைக்கத் தொடங்குபவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தேர்ந்த தையற்காரர் இடுப்பின் சுற்றளவு, பின்பகுதியின் சுற்றளவு, இடுப்பிலிருந்து முழங்கால்வரை உள்ள நீளம் ஆகியவற்றைக் கேட்பார். இந்த அளவுகளை வேறொருவரைக் கொண்டு எடுப்பதே நல்லது. நாமே குனிந்து அளந்தால் நீளம் மாறிவிடும்.

சிலர், “இது பதிவுபெற்ற டார்டன்” என்று கூறி விற்பர். ஸ்காட்லாந்தில் டார்டன்களுக்கான அரசுப் பதிவேடு 2009ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அது வண்ணக் கோடுகளின் வடிவமைப்பைப் பதிவு செய்கிறதே தவிர, துணியின் தரத்திற்கோ தையலின் உறுதிக்கோ சான்று அளிப்பதில்லை. பெயர் வேறு, தரம் வேறு என்பதை வாங்குபவர் மறக்கக்கூடாது.

நேர்மையான தையற்காரர் இத்தகைய கேள்விகளுக்குச் சினம் கொள்ளமாட்டார். துணியின் வகை, எடை, நீளம், தைக்க ஆகும் காலம், பிழை நேர்ந்தால் செய்யும் திருத்தம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதித் தருவார். “எல்லாம் முதல்தரம்” என்று மட்டும் சொல்லி, மேலும் கேட்டால் நழுவுபவரின் மௌனமே நமக்கு விடையாகிவிடும். கில்ட்டுக்கு மட்டுமன்று, தொலைவிலிருந்து வாங்கும் எப்பொருளுக்கும் இது பொருந்தும். கையால் தொட்டு அறிய முடியாததைக் கேள்வியால் அறியலாம்.