மின்னஞ்சலின் முன்னோட்ட வரி
(விளம்பர மடல் எழுதுதல்: க.பொ.த. சாதாரண தர மீட்டற் பாடம்)

மாணவர்களே, மின்னஞ்சலில் பெறுநர் முகவரி, விடயம், உடற்பகுதி, இணைப்பு ஆகிய பகுதிகள் உண்டென அறிவீர்கள். இவற்றுள் விடயத்துக்கும் உடற்பகுதிக்கும் இடையே நின்று, மடல் திறக்கப்படுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்க உதவும் ஒரு சிறு வரியை இங்கு நோக்குவோம். தமிழ்ப் பாடத்தில் விளம்பரம், அறிவித்தல் எழுதும்போதும் இவ்விதிகள் பயன்படும்.

1. வரைவிலக்கணம்

மின்னஞ்சலைத் திறக்குமுன், அஞ்சற்பெட்டியில் விடயத்தை அடுத்துத் தெரியும் சிறு வாசகமே முன்னோட்ட வரி ஆகும். விளம்பர மடல் அனுப்பும் சேவைகள் பலவற்றில் இதனை எழுதத் தனி இடம் உண்டு. அதனை வெறுமையாக விட்டால், உடற்பகுதியின் முதற் சொற்களே அவ்விடத்தில் தோன்றும்.

2. வரலாறு

1978 மே மாதத்தில், அமெரிக்காவின் டிஜிட்டல் ஈக்குயிப்மென்ட் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க் என்பவர், ஆர்பாநெட் வலையமைப்பில் ஏறத்தாழ 400 பேருக்குக் கணினி விளம்பரம் ஒன்றை அனுப்பினார். முகவரிகள் தமக்குரிய இடத்தில் அடங்காமல் உடற்பகுதிக்குள்ளும் வழிந்தன. பெற்றவர்கள் செய்திக்கு முன்னர் முகவரிப் பட்டியலையே காண நேர்ந்தது. பலர் முறைப்பாடும் செய்தனர். கேளாதோருக்கு அனுப்பியதும், மடலின் தொடக்கம் வீணானதும் இதிலுள்ள இரு குறைகள். 2004இல் வந்த ஜிமெயில், விடயத்தின் அருகே மடலின் முதற் சொற்களையும் காட்டியது. அதன் பின்னர் தொடக்கச் சொற்களின் பெறுமதி மேலும் உயர்ந்தது.

3. விதிகள்

(அ) விடயத்தை மீண்டும் கூறாதீர்கள். அதனைப் பூர்த்தி செய்யுங்கள்.
விடயம்: பெரஹரா காலக் கழிவு
பிழையான முன்னோட்டம்: பெரஹராவை முன்னிட்டு விசேட கழிவு வழங்குகிறோம்
சரியான முன்னோட்டம்: இரண்டு பைக்கற் தேயிலைக்கு 10% குறைவு, கண்டிக் கடையில் மட்டும்
முதலாவதில் புதிய தகவல் எதுவும் இல்லை. இரண்டாவது எதற்கு, எவ்வளவு, எங்கே என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தருகிறது.

(ஆ) முக்கிய சொல்லை முதலில் வையுங்கள்.
கையடக்கத் தொலைபேசியின் திரை சிறியது. நீண்ட வரி இடையில் வெட்டப்படும். தமிழ் வசனத்தில் பயனிலை பெரும்பாலும் இறுதியிலேயே வரும். ஆகவே தமிழில் எழுதுவோர் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். “எமது பெறுமதிமிக்க வாடிக்கையாளர்களுக்கு மகிழ்ச்சியுடன் அறியத்தருவது யாதெனில்” என்று தொடங்கினால், செய்தி வருமுன்னரே வரி முடிந்துவிடும். இத்தொடர் மரபுவழிக் கடிதத்துக்குப் பொருந்தலாம். முன்னோட்ட வரிக்குப் பொருந்தாது.

(இ) மடலில் உள்ளதையே கூறுங்கள்.
“உங்களுக்குப் பரிசு காத்திருக்கிறது” என எழுதி, உள்ளே விலைப்பட்டியலை மட்டும் வைத்தால் மடல் ஒருமுறை திறக்கப்படும்; மறுமுறை அழிக்கப்படும். சிறு வியாபாரிக்கு நம்பிக்கையே முதல்.

(ஈ) சம்மதித்தவர்களுக்கே அனுப்புங்கள்.
இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், விளம்பரச் செய்திகளுக்குப் பெறுநரின் சம்மதம் வேண்டும் என்கிறது.

4. மாதிரி வினாவும் விடையும்

வினா: மே 21 சர்வதேசத் தேயிலைத் தினமாகும். அன்று கண்டியிலுள்ள தேயிலைக் கடை ஒன்று 200 கிராம் பைக்கற்றுகளுக்கு 10% கழிவு வழங்குகிறது. பதிவு செய்த வாடிக்கையாளர்களுக்கான மின்னஞ்சலின் விடயத்தையும் முன்னோட்ட வரியையும் எழுதி, உமது தெரிவுக்குக் காரணம் தருக.

விடை:
விடயம்: தேயிலைத் தினத்தில் 10% கழிவு
முன்னோட்ட வரி: 200 கிராம் பைக்கற்றுகளுக்கு, மே 21 அன்று மட்டும்
காரணம்: விடயம் நன்மையைக் கூறுகிறது. முன்னோட்ட வரி பொருளையும் காலத்தையும் கூறி அதனைப் பூர்த்தி செய்கிறது. பொருளின் பெயர் முதலில் வருவதால் வரி வெட்டப்பட்டாலும் கருத்து விளங்கும். வினாவில் இல்லாத சலுகை எதுவும் சேர்க்கப்படவில்லை.

கவனிக்குக: வினாவில் தரப்படாத விலையையோ பரிசையோ நீங்களாகச் சேர்க்க வேண்டாம்.

5. பயிற்சி

ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இன்று தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகிறது. பாடசாலைச் சுற்றுலாக்களை ஒழுங்குசெய்யும் ஒருவர், அங்கு செல்லும் ஒருநாட் பயணம் பற்றி அதிபர்களுக்கு மின்னஞ்சல் அனுப்ப விரும்புகிறார்.
(i) பொருத்தமான விடயத்தை எழுதுக.
(ii) எட்டுச் சொற்களுக்கு மேற்படாத முன்னோட்ட வரியை எழுதுக.
(iii) உமது வரியின் முதல் மூன்று சொற்களை மட்டும் வாசித்து, கருத்து விளங்குகிறதா எனச் சோதிக்க. விளங்காவிடின் சொற்களை முன்பின்னாக மாற்றி மீண்டும் எழுதுக.