தொழில் பாடம்: மருந்து மிஷின் கார்புரேட்டர் பாகங்கள்

புரட்டாசி மழை விழுந்ததும் வேப்பந்தட்டை வட்டாரத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விதைப்பாகும். சில வாரங்களில் பவர் ஸ்பிரேயர்கள் நம் கடை வாசலுக்கு வந்துவிடும். 2018-இல் படைப்புழு நம் நாட்டுக்குள் நுழைந்த பிறகு மக்காச்சோளத்துக்கும் மருந்தடிப்பு கூடிவிட்டது. புழு குருத்துக்குள் இறங்கிய பின் அடித்துப் பயன் குறைவு. ஆகவே தவறான பாகத்தைக் கொடுத்து அனுப்பினால் விவசாயிக்கு நஷ்டம் பாகத்தின் விலை மட்டுமல்ல.

கார்புரேட்டர் இரண்டு ரகம். அடியில் கிண்ணம் இருந்தால் மிதவை ரகம். கிண்ணம் இல்லாமல் சிறு சதுரக் கட்டியாக, பெரும்பாலும் அழுத்துவதற்கு ரப்பர் குமிழுடன் இருந்தால் டயாப்ரம் ரகம். சாய்த்தாலும் கவிழ்த்தாலும் பெட்ரோல் தடைபடாது என்பதால் புல்வெட்டும் மிஷினில் இதுதான். ரிமோட்டில் ஓட்டும் பொம்மை விமான, கார்களின் பெட்ரோல் எஞ்சின்களிலும் இதே ரகம்தான் என்பது பலருக்குத் தெரியாது.

மிதவை ரகத்தில் பெட்ரோல் வழிந்தால் ஊசியையும் மிதவையையும் பாருங்கள். ஜெட் அடைத்திருந்தால் காற்றடித்தே சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிப் பெட்ரோல் அதிகம் குடிக்கும்.

டயாப்ரம் ரகத்தில் இரண்டு சவ்வுகள் உண்டு. நாக்கு போல வெட்டிய சவ்வு பெட்ரோலை இழுக்கும் பம்ப். மறுபுறம், நடுவில் சிறு உலோகப் பொட்டு வைத்தது, அளந்து விடும் சவ்வு. இது விறைத்துவிட்டால் எஞ்சின் மெதுவாக ஓடும், திராட்டில் கொடுத்தால் அணையும். இதற்குப் புதுக் கார்புரேட்டர் வேண்டியதில்லை, ரிப்பேர் கிட் போதும். பொருத்தும்போது வால்ப்ரோ ரகங்களில் அளக்கும் பக்கம் முதலில் கேஸ்கட், அதன் மேல் சவ்வு. பம்ப் பக்கம் முதலில் சவ்வு, அதன் மேல் கேஸ்கட். மாற்றி வைத்துவிட்டு "கிட் சரியில்லை" என்று திரும்பி வருபவர்கள் உண்டு.

கிட் கேட்பவரிடம் எஞ்சின் பெயரை மட்டும் கேட்டால் போதாது. 1இ40எஃப் என்றால் ஒரு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 40 மில்லிமீட்டர் துளை, காற்றில் குளிரும் எஞ்சின் என்று பொருள். கார்புரேட்டர் எது என்று அதில் இல்லை. நானே இப்படிக் கொடுத்து, ஒருவரை ஒரே நாளில் இருமுறை அலைய வைத்தேன். இப்போது கட்டியின் மேல் பொறித்த எண்ணைப் பார்த்து, பழைய சவ்வைப் புதியதன் மேல் வைத்து, துளைக்குத் துளை ஒத்த பிறகே பில் போடுகிறேன்.

இன்னொன்று எத்தனால். 2025-இல் பெட்ரோலில் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அதற்கென்று செய்யாத பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். மொத்தக் கடையில் வாங்கும்போதே எத்தனால் தாங்கும் சரக்கா என்று கேளுங்கள். பழைய இருப்பை வெயில் படாத அலமாரியில் வைத்து முதலில் தள்ளுங்கள். விறைத்ததை விற்கவே வேண்டாம்.

ஆயில் விற்கும்போது அளவையும் சொல்லிவிடுங்கள்: லிட்டருக்கு 25:1 என்றால் 40 மில்லி, 50:1 என்றால் 20 மில்லி. எந்த அளவு என்பது மிஷினோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பருவம் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட விடவும் சொல்லுங்கள். அடுத்த வருடம் கிட் விற்பனை கொஞ்சம் குறையும்தான். ஆனால் அவர் மருந்து வாங்க நம் கடைக்குத்தான் வருவார்.