புள்ளிகளே போதும்



உன் கடிதமும், அதனுடன் நீ அட்டையில் வெட்டி அனுப்பிய ரோஜாப்பூ ஸ்டென்ஸிலும் கிடைத்தன. ஐந்து இதழ்களின் விளிம்புகளும் பிசிறில்லாமல் நேர்த்தியாகவே வந்திருக்கின்றன. ஆயினும், துணியில் சாயம் பூசுகிறவர்களுக்கு உத்தமமான அந்த அட்டை ரிப்பன் பூவேலைக்குப் பிரயோஜனப்படாது என்பதே என் அபிப்பிராயம்.

சாயத்துக்குத் தனக்கென்று உருவம் கிடையாது. வெட்டிய இடைவெளிதான் அதற்கு உருவம் தருகிறது. ரிப்பனோ கடையிலிருந்து வரும்போதே 4 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று தன் அகலத்தை நிர்ணயித்துக்கொண்டு வருகிறது. ஊசி அதன் நடுவே குத்தி இறங்கும் இடத்தில் இரு ஓரங்களும் சுருண்டு இதழின் நுனியாக அமைவது, உன் கை இழுக்கும் பதத்தைப் பொறுத்ததேயன்றி, நீ வரைந்த கோட்டைப் பொறுத்ததன்று. இதழ் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பதற்கு இரண்டு புள்ளிகள் இருந்தால், மற்றதை ரிப்பன் பார்த்துக்கொள்ளும். கோடு போட்டாயானால், ரிப்பன் மறைக்காத இடத்திலெல்லாம் அது எட்டிப் பார்க்கும். அதைப் போக்குவதற்காகத் துணியை நனைத்தால் சில பட்டு ரிப்பன்களின் சாயம் கசியும். நனைக்காமல் இஸ்திரி போட்டாலோ, தண்ணீரில் அழியும் பேனாவின் மையும் சூடு பட்டு நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும். பென்சில் புள்ளி ரிப்பனுக்கடியில் மறைந்துபோவதால், அதை அழிக்கவேண்டிய அவசியமே எழுவதில்லை. புள்ளிக் கோலம் போடத் தெரிந்த உனக்கு இதை நான் விஸ்தரிக்க வேண்டுமா?

இது புதிய யுக்தியும் அன்று. சீன தேசத்துத் துன்ஹுவாங் குகையில், புத்தர் உருவங்களைத் திரும்பத் திரும்பப் பதிப்பதற்காக ஊசியால் துளையிட்ட, ஏறத்தாழ 1,000 ஆண்டுப் பழமையான காகிதங்கள் கிடைத்திருக்கின்றன. நம் ஊர் ஆரி வேலைக்காரர்களும் துளையிட்ட ட்ரேஸிங் காகிதத்தின்மேல் மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்த்தே சித்திரத்தை இறக்குகிறார்கள். முறை நல்லதுதான், ஆனால் மண்ணெண்ணெயைப் பட்டு ரிப்பனுக்குப் பக்கத்தில் கொண்டுவர எனக்கு மனம் துணிவதில்லை.

நிற்க. புள்ளி குறிப்பதற்கான தகட்டை இப்படிச் செய்துகொள்: பழைய எக்ஸ்ரே படம் ஒன்றைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்துத் தேய்த்தால், கறுப்பெல்லாம் கழன்று, அடியிலுள்ள துணியின் இழையோட்டம் தெரியும்படியான மெல்லிய தகடு கிடைக்கும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, குறட்டால் பிடித்துச் சுடவைத்த ஊசியால், பென்சில் முனை நுழையும் அளவுக்கு அதில் துளையிடு. துளையின் அடியில் எழும் மேட்டைப் பிளேடால் சீவிவிட மறந்தால், சாட்டின் துணியில் இழை பிடித்து இழுக்கும்.

சிலந்திவலை ரோஜாவுக்கு நடுவில் ஒரு புள்ளியும், சுற்றிலும் ஐந்து புள்ளிகளும் வேண்டும். நடுப்புள்ளியிலிருந்து மற்றவற்றுக்கு நூலால் போடும் ஆரக்கால்கள் ஒற்றைப்படையாக இருந்தால்தான், ஒரு சுற்றில் மேலே போன ரிப்பன் அடுத்த சுற்றில் கீழே போகும். சுற்றிலுமுள்ள ஐந்து புள்ளிகளையும் சம தூரத்தில் குறிக்கக் கோணமானியைத் தேடி அலையாதே. ஒரே அகலமுள்ள காகிதத் துண்டு ஒன்றைச் சாதாரண முடிச்சாக முடிந்து, மெதுவாக இறுக்கித் தட்டையாக அழுத்தினால், ஐந்து பக்கமும் சமமான ஐங்கோணம் தானாகவே அமையும்; அதன் மூலைகளைத் தகட்டின்மேல் வைத்துக் குத்திவிடு. ஒவ்வொரு மூலையிலிருந்தும் எதிர்ப்பக்கத்தின் மத்திக்குக் கோடிழுத்தால், அவை சந்திக்கும் இடமே நடுப்புள்ளி. 1½ சென்டிமீட்டர் அகலத் துண்டு, 2½ சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும் ரோஜாவுக்குப் போதும்.

இலை, மொட்டு, காம்பு இவற்றுக்கெல்லாம் தகடு செய்துகொண்டிருக்க வேண்டாம். அவை கண்ணளவில் அமைந்தால்தான் கொத்துக்கு உயிர் வரும். கடைசியாக ஒன்று: ஒவ்வொரு தகட்டின் மூலையிலும், அது எத்தனை மில்லிமீட்டர் ரிப்பனுக்கானது என்பதை மறவாமல் எழுதி வை. 4 மில்லிமீட்டருக்குக் குறித்த புள்ளிகளில் 7 மில்லிமீட்டர் ரிப்பனைத் தைத்தால், இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பிரித்துத்தான் தைக்க வேண்டியிருக்கும்.