பெயர் இல்லாத கப்பலைத் தேடி

ஸ்காட்லாந்தில் கிளைடு ஆற்றின் கரைகளில் ஒரு காலத்தில் கப்பல் கட்டும் தளங்கள் வரிசையாக இருந்தன. அவற்றின் பழைய தாள்களைக் காக்கும் ஓர் அருங்காட்சியகத்தில் நீங்கள் பயிற்சிக்குச் சேர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசைமேல் ஒரு பெரிய கட்டு. அதில் வரைபடங்கள், எஃகு வாங்கிய கணக்குகள், கடிதங்கள். 'குவீன் மேரி' கப்பலைப் பற்றியவற்றைத் தேடி எடுக்கச் சொல்கிறார்கள்.

தாள் தாளாகப் புரட்டியும் அந்தப் பெயர் கண்ணில் படவில்லை! காரணம் எளிது. கிளைடுபாங்க் நகரில் ஜான் பிரவுன் நிறுவனம் 1930 டிசம்பரில் இக்கப்பலைக் கட்டத் தொடங்கியபோது அதற்குப் பெயரே கிடையாது. 534 என்ற தள எண் மட்டுமே உண்டு. பொருளாதார மந்தத்தால் 1931 டிசம்பரில் வேலை நின்று, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோதும், 1934 ஏப்ரலில் மீண்டும் சுத்தியல் ஒலி கேட்டபோதும் ஊரார் அதை '534' என்றே அழைத்தனர். 1934 செப்டம்பர் 26-ஆம் நாள் நீரில் இறக்கும்போதுதான் பெயர் சூட்டப்பட்டது.

பெயரை நம்பினால் இன்னொரு தொல்லையும் உண்டு. இதே ஆற்றங்கரையில் டம்பார்ட்டனில் 1933-ல் கட்டிய சிறிய பயணிக் கப்பலின் பெயரும் 'குவீன் மேரி'தான்! பெரிய கப்பலுக்காக 1935-ல் அது 'குவீன் மேரி 2' ஆயிற்று. ஆகவே தள எண்ணைக் கொண்டே தாள்களை அடையாளம் காண வேண்டும். ஒவ்வொரு தளமும் தனித்தனியே எண்ணிட்டதால், தளத்தின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். கட்டில் இருக்கும் வரிசையையும் கலைக்கக் கூடாது. தேதியில்லாத கடிதத்தின் காலத்தை முன்னும் பின்னும் உள்ள தாள்களே காட்டிக் கொடுக்கும்.

கட்டின் அடியில் ஒரு நீலத் தாள், அதில் வெள்ளைக் கோடுகள். இது 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்த முறையில் எடுத்த படி. இரும்பு உப்புகள் பூசிய தாளின்மேல், ஒளி ஊடுருவும் தாளில் வரைந்த படத்தை வைத்து வெயிலில் காட்டுவார்கள். ஒளி பட்ட இடத்தில் நீரில் கரையாத பிரஷ்ய நீலம் உண்டாகும். கோடு மறைத்த இடத்திலுள்ள உப்பு, நீரில் அலசும்போது கரைந்துவிடும்.

இங்கேதான் கவனம் தேவை. பழைய தாள்களை அரிப்பது அமிலம். அதை முறிக்கக் காப்பக உறைகளில் கால்சியம் கார்பனேட் சேர்த்திருப்பார்கள். ஆனால் பிரஷ்ய நீலம் காரத்தில் சிதைந்து வெளிறிவிடும். நல்ல எண்ணத்தோடு அத்தகைய உறையில் இட்டால் நாளடைவில் படமே மறைந்துபோகலாம். ஆகவே கார்பனேட் சேராத உறையைத் தேடி எடுங்கள். தாளை உள்ளே வைக்கும் முன்பே உறைமேல் பென்சிலால் எழுதிவிடுங்கள்: 'ஜான் பிரவுன், 534.'