காய்ச்சலோடு மேடையேற வேண்டாம்

நாடகக்காரர்கள் நாலு பேர் கூடினால் ஒருவராவது 102 டிகிரி காய்ச்சலோடு நடித்த கதையைச் சொல்வார். கேட்கிறவர்களும் ‘அர்ப்பணிப்புன்னா இதுதாம்ப்பா’ என்று தலையாட்டுவார்கள். அந்தக் காட்சியில் அவரைக் கட்டிக்கொண்டு அழுத தங்கச்சி வேஷக்காரப் பெண்ணுக்கு அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று யாரும் விசாரிப்பதில்லை. சென்னையில் ஒரு சிறு நாடகக் குழுவின் ஒத்திகையையும் மேடை நிர்வாகத்தையும் பல வருஷமாகப் பார்த்துவருகிறேன். ஒரு நடிகர் வீட்டில் படுத்துக்கொண்டால் எப்படியாவது சமாளித்துவிடலாம். அவர் எழுந்து வந்து நடித்துவிட்டுப் போனால் மொத்தக் குழுவும் படுத்துவிடும்.

கொரோனா தொடங்கிய நாட்களில் எல்லா ஒத்திகை இடங்களிலும் நாற்காலியைத் துடைத்தார்கள், வாசலில் சானிடைசர் வைத்தார்கள். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மவுண்ட் வெர்னன் என்ற ஊரில் ஒத்திகைக்குக் கூடிய ஸ்காஜிட் வேலி சேர்ந்திசைக் குழுவும் வாசலில் சானிடைசர் வைத்திருந்தது. கைகுலுக்குவதைக்கூடத் தவிர்த்தார்கள். 61 பேர், இரண்டரை மணி நேரம் பாட்டு. அதில் ஒருவருக்குச் சளி அறிகுறி இருந்தது. மற்ற 60 பேரில் 52 பேருக்கு நோய் வந்தது. அதில் 32 பரிசோதனையில் உறுதியானது. மீதி 20 அறிகுறிகளை வைத்துக் கணித்தது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். கை சுத்தமாகத்தான் இருந்திருக்கும். அறைக்குள் இருந்த காற்றை யார் துடைப்பது?

குரல் உயர உயர வாயிலிருந்து கிளம்பும் நுண்துளிகளும் கூடும். மூடிய அறையில் அவை வெகுநேரம் மிதக்கும். கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பேசுவதுதான் நடிகரின் தொழிலே. ஒத்திகைக்கு நமக்குக் கிடைக்கிற இடமோ பெரும்பாலும் யாராவது நண்பரின் அலுவலக ஹால்: ஜன்னல் திறந்தால் எதிர்வீட்டார் சண்டைக்கு வருவார், திறக்காவிட்டால் ஏ.சி. போட வேண்டும். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற மூச்சையே குளிரவைத்துச் சுற்றவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. கரியமில வாயுவை அளக்கும் சிறிய மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. வெளிக்காற்றில் அது ஏறத்தாழ 420 பி.பி.எம். காட்டும், அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு. நாம் விடும் மூச்சில் கரியமில வாயு சுமார் 4 சதவீதம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அறையில் மீட்டர் 1,200 காட்டினால் நீங்கள் இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு, ஏற்கெனவே யாரோ ஒருவரின் நுரையீரலுக்குள் போய்வந்தது. இந்தக் கணக்கைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் குழுவில் ஜன்னலை மூடச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. மீட்டர் 800-ஐத் தாண்டினால் இடைவேளை, எல்லாரும் வெளியே. ஸ்டாண்ட் ஃபேனை ஜன்னலைப் பார்க்கத் திருப்பி, காற்றை வெளியே தள்ளும்படி வைத்து, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துவிட்டால் சீக்கிரமே எண் இறங்கிவிடும். அரங்கம் வாடகைக்கு எடுக்கும்போதும் மேலாளரிடம் ஒலி ஒளியோடு சேர்த்து, சென்ட்ரல் ஏ.சி.யில் வெளிக்காற்று வருகிற வழி திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். கரண்டு பில்லுக்குப் பயந்து அதை மூடிவைக்கிற இடங்கள் உண்டு.

இதைவிடச் சுலபமான வழி மொட்டை மாடி. வெயில் தாழ்ந்த பிறகு அங்கே ஒத்திகை வைத்தால் மீட்டருக்கு வேலையே இல்லை. டெங்குக் கொசுவுக்கு உண்டு. ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது, பொழுது சாய்வதற்கு முந்தைய வேளையில் அதிகமாகவே கடிக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, மூலையில் கிடக்கிற பூந்தொட்டித் தட்டில் நீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாயை விரியுங்கள்.

எல்லா ஒத்திகைக்கும் முழுக்குரல் தேவையும் இல்லை. வசனம் மனப்பாடமாகும் வரை போனில் சொல்லிப் பார்க்கலாம். யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதை முணுமுணுத்தபடியே பழகலாம். தொண்டையும் பிழைக்கும். முழுக்குரல் ஓட்டத்தை மாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மேக்கப் அறை. நம் வழக்கத்தில் எச்சில் பார்ப்பது ரத்தத்தில் ஊறியது. அடுத்தவர் பாட்டிலை வாயில் வைத்துக் குடிக்க மாட்டோம், அண்ணாந்துதான் குடிப்போம். அதே ஆட்கள் ஒரே கண்மைப் பென்சிலை ஆறு பேர் கண்ணுக்குள் ஓட்டுவார்கள், ஒரே லிப்ஸ்டிக்கை வரிசையாகப் பூசிக்கொள்வார்கள், ஒரே ஸ்பாஞ்சால் பான்கேக் ஒத்துவார்கள்! மெட்ராஸ் ஐ பரவ இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. நோயாளியைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது கதை. கண்ணீர் பட்ட கை, துண்டு, மை வழியாகத்தான் அது போகிறது. பெரும்பாலும் அதற்குக் காரணமான அடினோ வைரஸ் சானிடைசருக்கு அவ்வளவு எளிதில் மசியாது. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். நாங்கள் ஆளுக்கொரு ஜிப் பை கொடுத்து, மை, லிப்ஸ்டிக், ஸ்பாஞ்ச் மூன்றையும் பெயர் எழுதிப் போட்டுவிடுகிறோம். பொதுவான பூச்சு டப்பாவிலிருந்து சின்னக் கரண்டியால் தட்டில் எடுத்து வைத்த பிறகுதான் பிரஷ் படும். கண் சிவந்தவருடைய மை குப்பைக்கு. மேக்கப் செய்பவருக்கு முதலில் முணுமுணுப்பு இருந்தது. ‘சார், கல்யாண வீட்டுலகூட இவ்வளவு பார்க்க மாட்டாங்க’ என்றார். கல்யாண வீட்டிலும் பார்த்தால் நல்லதுதான்.

உடைகளில் பெரிய தொல்லை படர்தாமரை. சரிகை வைத்த வெல்வெட் அங்கியைத் துவைக்க முடியாது. உள்ளே அவரவர் பருத்திப் பனியன், டோப்பாவுக்கு அடியில் அவரவர் துணித் தொப்பி, காட்சி முடிந்ததும் வெயிலில் காயப்போடுதல் என்று மூன்றையும் விடாமல் செய்தால் பாதித் தொல்லை குறையும். காலர் மைக்கிலும் பெயர் ஒட்டிவிடுங்கள்.

குழந்தைகள் நாடகம் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும். அடுத்த குழந்தைக்கு அது 10 முதல் 21 நாளுக்குள் வெளிப்படலாம். ஆகவே ஒரு பிள்ளைக்கு அம்மை கண்டால், காலண்டரை எடுத்து நாடகத் தேதி அந்த இடைவெளியில் விழுகிறதா என்று அன்றைக்கே பாருங்கள். குழுவில் கர்ப்பிணிகள் இருந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். முன்பு அம்மை வராதவர்களுக்கு அது ஆபத்து.

இத்தனை ஏற்பாட்டையும் ஒரே ஒரு நடிகர் தூள்தூளாக்கிவிடலாம், மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருகிறவர். அவரைத் திட்டிப் பயனில்லை. வராவிட்டால் சம்பளம் போகும், வேஷம் போகும், ‘உன்னால ஷோ கேன்சல்’ என்ற பழி வரும். இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் அவரே சொல்லிவிடுவார்.

பழி வராமலிருக்க ஷோ நிற்கக் கூடாது, அதற்கு மாற்று நடிகர் வேண்டும். இதில் நமக்கு நல்ல முன்மாதிரி மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகம். அங்கே ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என ஒவ்வொருவரும் தனித்தனியாக அமர்த்தப்படுகிறார்கள். ‘வள்ளி திருமணம்’ எல்லாருக்கும் பாடம். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதே இல்லை. ஒரு முருகனுக்கு முடியாவிட்டால் இன்னொரு முருகன் வந்து அன்றிரவே பாடுவார். பணம் கொழிக்கும் பிராட்வேயிலும் இதே கதைதான். 2021 டிசம்பரில் ஓமிக்ரான் பரவியபோது ‘தி மியூசிக் மேன்’ இசை நாடகத்தில் கதாநாயகிக்கு உடல்நிலை சரியில்லாமல் போக, பல வேஷங்களைப் பயின்று வைத்திருந்த கேத்தி வொய்ட்கோ அன்றைக்கே அந்தப் பாத்திரத்தை ஏற்றார். முடிவில் கதாநாயகன் ஹியூ ஜாக்மன் மேடையிலேயே அவரையும் அவரைப் போன்ற மாற்று நடிகர்களையும் பார்வையாளர்கள் முன் பாராட்டினார். நம்மூரில் மாற்று நடிகரை ‘ஸ்டெப்னி’ என்று கிண்டல் செய்கிறோம்.

எங்கள் குழுவில் இப்போது உடம்பு சரியில்லை என்று வராதவருக்கு முழுப் பணமும் உண்டு. சேதியை வாட்ஸப் குரூப்பில் போட வேண்டாம், எனக்கு மட்டும் சொன்னால் போதும். மாற்று நடிகர் வாரத்தில் ஒரு ஒத்திகையாவது அந்தப் பாத்திரத்தைச் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவர் பெயரளவுக்குத்தான். கூடுதல் செலவு உண்மைதான். அதற்காகச் செட்டில் ஒரு தூணைக் குறைத்தால் பார்வையாளருக்குத் தெரியாது. அடுத்த நாடகத்துக்குப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு பாத்திரத்துக்கு நேராகவும் இரண்டு பெயர் எழுதுங்கள்.