கூடுவாஞ்சேரியிலிருந்து கோட்டை வரை

அன்பு மகளுக்கு, பெரியப்பா எழுதிக்கொள்வது.

நீ கூடுவாஞ்சேரியில் வீடு பார்த்துவிட்டதையும், அடுத்த மாதம் ஹைகோர்ட்டில் ஜூனியராகச் சேரப்போவதையும் உன் அப்பா சொன்னான். மனசு நிறைந்தது. ஸ்கூட்டர் வாங்கி அதிலேயே போய்வரப் போகிறாயாம். அது மட்டும் வேண்டாம், அம்மா. பெருங்களத்தூர், குரோம்பேட்டை, கத்திப்பாரா என்று காலை நெரிசலில் ஊர்ந்து, அண்ணா சாலையையும் கடந்து பாரிமுனை சேர்வதற்குள் உடம்பு அசந்துவிடும். அதற்குப் பிறகு கோர்ட்டில் நிற்கத் தெம்பு வேண்டாமா?

உனக்கு மின்சார ரயில்தான் சரி. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லேயே அது ஓடத் தொடங்கிவிட்டது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் அந்தத் தண்டவாளத்தை ஒட்டி வளர்ந்த ஊர்கள்தான்.

செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி கூடுவாஞ்சேரிக்கு வரும்போதே நிரம்பியிருக்கும். உட்கார்ந்து கேஸ் கட்டைப் புரட்ட வேண்டுமானால், தாம்பரத்தில் இறங்கி அங்கிருந்தே புறப்படும் கடற்கரை வண்டிக்கு மாறிக்கொள். கொஞ்ச நேரம் கூடுதலாக ஆனாலும் படித்துக்கொண்டே போகலாம். கடற்கரைக்கு முந்தைய ஸ்டேஷனான கோட்டையில் இறங்கினால் ஹைகோர்ட் நடக்கிற தூரம்தான்.

முதல் நாளே மாத சீசன் எடுத்துவிடு. தினமும் போக வர டிக்கெட் எடுக்கிற செலவில் அது பாதிகூட ஆகாது.

பெண்கள் பெட்டி பிளாட்பாரத்தில் எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று வழக்கமாக ஏறுகிற பெண்களைக் கேட்டுத் தெரிந்துகொள். சாயங்கால வண்டியில் பூத்தொடுத்துக்கொண்டும், ராத்திரி சமையலுக்குப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டும் வருகிறவர்கள் இருப்பார்கள். அவர்களோடு பழகு. எந்த வண்டி தாமதம், எது ரத்து என்பதெல்லாம் அறிவிப்புக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ராத்திரி நேரமாகிவிட்டால் மட்டும், ஆளில்லாத பெண்கள் பெட்டியில் தனியாக ஏறாதே. நாலு பேர் இருக்கிற பொதுப்பெட்டியே மேல். எதுவானாலும் 139-ஐக் கூப்பிடு.

அடைமழையில் தண்டவாளத்தில் தண்ணீர் நின்று ரயில் நின்றுவிடுவதுண்டு. கிண்டி வரை வந்துவிட்டால் கவலையில்லை. பக்கத்திலேயே மெட்ரோ, விமானநிலையத்திலிருந்து விம்கோ நகர் போகும் நீல வழித்தடத்தில் ஹைகோர்ட்டுக்கே ஸ்டேஷன் இருக்கிறது. கட்டணம் அதிகம்தான், அவசரத்துக்கு வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு. பராமரிப்பு வேலைக்காக ரத்தும் செய்வார்கள். முதல் நாளே பேப்பரைப் பார்த்துவிடு.

இனிச் சொல்வதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு அவசரமானாலும் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காதே. மேம்பாலப் படி ஏறுவதற்குச் சோம்பல்பட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு இறங்குகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் வருகிற வேகம் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. புட்போர்டில் தொங்காதே, கிளம்பிவிட்ட வண்டியைத் துரத்தி ஏறாதே. நெரிசல் நேரத்தில் அடுத்த வண்டிக்கு அதிகம் காத்திருக்க வேண்டியிருக்காது. சீனியர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அதை அடுத்த நாள் சரிசெய்துகொள்ளலாம்.

ஸ்கூட்டர் பேச்சை ஒரு மாதம் தள்ளிவை. சீசன் எடுத்ததும் எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
பெரியப்பா